வாளேந்திய கூட்டம்

ரோமாபுரிப் பழங்கதைகளில் லுக்ரீஷியாவின் கதை மிகச் சுருக்கமானது. கணவன் கொல்லாட்டினஸ் போர்முனையில் இருக்கிறான். அரசகுமாரன் செக்ஸ்டஸ் நள்ளிரவில் வாளுடன் அவள் அறைக்குள் நுழைகிறான். சாவுக்கு அவள் அஞ்சவில்லை. அவளைக் கொன்று பக்கத்தில் ஓர் அடிமையின் பிணத்தையும் போட்டு, இருவரையும் கள்ள உறவில் பிடித்ததாக ஊருக்குச் சொல்வேன் என்கிறான் அவன். அந்த அவதூறுக்குத்தான் அவள் அஞ்சினாள். பிறகு தந்தையையும் கணவனையும் வரவழைத்து நடந்ததைச் சொல்கிறாள். பழிவாங்குவதாக வாக்குப் பெற்றுக்கொண்டு, தன் மார்பிலேயே கத்தியைப் பாய்ச்சிக்கொள்கிறாள். அந்தக் கத்தியை ஏந்திப் புரூட்டஸ் சபதம் செய்கிறான். மன்னராட்சி ஒழிந்து குடியரசு பிறக்கிறது. மரபுக் கணக்குப்படி அது கி.மு. 509.

இந்தக் கதையை இத்தாலிய ஓவியர் போத்திசெல்லி 1500-ஆம் ஆண்டு வாக்கில் ஒரே மரப்பலகையில் மூன்று காட்சிகளாகத் தீட்டினார். சித்திரம் இப்போது அமெரிக்காவில், பாஸ்டன் நகரத்து இசபெல்லா ஸ்டூவர்ட் கார்ட்னர் காட்சிசாலையில் இருக்கிறது. நான் பார்த்தது அச்சுப் பிரதிதான். இடது ஓரத்தில் செக்ஸ்டஸ் வாளை நீட்டி அவளை மிரட்டுகிறான். வலது ஓரத்தில் அவள் தன் மனிதர்கள் முன் துவண்டு சரிகிறாள். நடுவே, விசாலமான சதுக்கத்தில் அவளுடைய சவம், மார்பில் கத்தி. புரூட்டஸ் முழங்குகிறான். சுற்றிலும் வாளேந்திய வீரர்கள். பின்னால் உயர்ந்த தூண். அதன் உச்சியில் கோலியாத்தை வென்ற தாவீதின் சிலை.

ரோமாபுரிக் கதையில் தாவீதுக்கு என்ன வேலை? அங்கேதான் சித்திரக்காரரின் உள்ளம் தெரிகிறது. 1494-இல் பிளாரன்ஸ் நகரம் மெடிச்சி குடும்பத்தாரை விரட்டிவிட்டுக் குடியரசாக நிமிர்ந்து நின்றது. தாவீது அந்நகரத்தாருக்குச் சுதந்திரத்தின் சின்னம். ஆகவே அவர் தீட்டியது ஒரு பெண்ணின் துயரத்தை மட்டுமல்ல, தம் ஊரின் அரசியலையும்தான். கூட்டத்தின் ஆவேசம் அத்தனை உயிரோடு வந்திருப்பதற்கு அதுவே காரணம்.

இந்தப் படத்தைத் திண்ணையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூலக்குளத்தில் எங்கள் தெருவுக்கு மோர் கொண்டுவரும் ஆயா கூடையை இறக்கி வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள். கதையைச் சொன்னேன். சற்று நேரம் படத்தையே பார்த்திருந்துவிட்டு, இடது ஓரத்தில் விரலை வைத்தாள்.

"ஏந் தம்பி, செத்த பிற்பாடு இம்மாஞ் சனம் வாளத் தூக்கிக்கினு நிக்குதே, அந்தப் பய உள்ள வந்தப்ப இதுல ஒருத்தன்கூட இல்லியா?"

"இல்லை ஆயா" என்றேன்.

"நம்ம துரோபதை சபையிலியே கேட்டாளே!" என்று சொல்லிக்கொண்டே கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

இதைவிட நல்ல விமரிசனத்தை நான் படித்ததில்லை. தன்னையே தோற்றுவிட்டவனுக்கு என்னைப் பணயம் வைக்க ஏது உரிமை என்று திரௌபதி கேட்டாள். சபை விழித்தது. அவள் சாகவில்லை, கூந்தலை விரித்துப் போட்டுக்கொண்டு உயிரோடு காத்திருந்தாள். நம் பக்கத்து ஜனங்கள் அவளைக் கோயில் கட்டிக் கும்பிடுகிறார்கள். லுக்ரீஷியாவும் பேசினாள், ஆனால் போத்திசெல்லியின் சதுக்கத்தில் பேசுகிறவன் புரூட்டஸ். அவள் அவனுடைய பிரசங்கத்துக்குச் சாட்சிப் பொருள்.

இதற்கு ஜோடியாகக் கருதப்படும் அவருடைய மற்றொரு சித்திரம் பெர்கமோ நகரில் இருக்கிறது. அதில் வர்ஜீனியாவின் மானத்தைக் காப்பதற்காகத் தந்தையே அவளைக் கொல்கிறான். இரண்டு கதைகளிலும் குற்றம் செய்தவன் ஆண். கத்தி இறங்குவதோ பெண்ணின் மார்பில்.

போத்திசெல்லியைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. நானும் ஒரு தொடர்கதையில் இப்படி ஒரு பெண்ணைக் கிணற்றில் தள்ளியிருக்கிறேன். அழுதுகொண்டே படித்ததாக வாசகர்கள் எழுதினார்கள். நான் பெருமைப்பட்டேன். உண்மையில் அவளை வைத்துக்கொண்டு மேலே என்ன எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். அவள் உயிரோடு இருந்திருந்தால் மறுநாள் காலை தெருவில் கோலம் போட வந்திருப்பாள். ஊர் அவளைப் பார்த்திருக்கும்; அவளும் ஊரைப் பார்த்திருப்பாள். அந்த ஓர் அத்தியாயத்தை எழுதத் தைரியம் இல்லாமல்தான் கிணற்றைத் தேடினேன். அதற்குத் தியாகம் என்று பெயரும் வைத்தேன்.

சித்திரம் அற்புதமானது. அதில் எனக்கு மாற்று அபிப்பிராயம் கிடையாது. ஆனால் இப்போது அதைத் திறந்தால் என் கண் நடுச் சதுக்கத்துக்குப் போவதில்லை. இடது ஓரத்துக்கே போகிறது. அங்கே அவள் இன்னும் உயிரோடு இருக்கிறாள்.