விண்ணின் படமும் மண்ணின் மனிதரும்

2023ஆம் ஆண்டு ஜூலை 14ஆம் திகதி பிற்பகல் 2.35 மணிக்கு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சந்திரயான்-3 விண்ணேறிற்று. அவ்வேளை சென்னையிலிருந்து டாக்காவுக்குப் பறந்துகொண்டிருந்த பயணிகள் விமானமொன்றின் சாளரத்தினூடாக, முகிற் படலத்துக்கு மேலே எழுந்த அந்த ரொக்கெட்டை ஒருவர் கைத்தொலைபேசியில் படம் பிடித்தார். அப்படம் விரைவிலேயே உலகெங்கும் பரவிற்று. மட்டக்களப்பு வாவிக்கரையிலுள்ள எமது வகுப்பறைக்கும் வந்து சேர்ந்தது. மாணவர் வியந்தனர், நாமும் வியந்தோம். ஆனால், மீனவக் குடும்பத்துப் பையன் ஒருவன் எழுந்து கேட்டான்: “இது உடைஞ்சா எங்க விழும், சேர்?”

அப்படத்தைப் பற்றி இதைவிடச் சிறந்த விமர்சனத்தை நாம் இதுவரை கேட்டதில்லை.

படத்தின் அழகை நாம் மறுக்கவில்லை. தரையில் நின்று பார்ப்பவனுக்கு ரொக்கெட் என்பது தீயும் புகையும் பேரிரைச்சலும் ஆகும். வானிலிருந்து பார்ப்பவனுக்கோ அது ஓசையற்ற வெண்கோடு. முகில் அவனுக்குக் கூரையன்று, தரை. ஆயினும் இவ்வழகு எதனால் விளைந்தது? சிலவற்றைக் காட்டியதால் மட்டுமன்று, சிலவற்றை மறைத்ததாலும் விளைந்தது. அந்த முகிலுக்குக் கீழே பழவேற்காட்டு ஏரி கிடக்கிறது. எமது வாவியைப் போலவே கடலோடு கலந்தும் பிரிந்தும் வாழும் உவர்நீர்ப் பரப்பு அது. அதற்கும் வங்கக் கடலுக்கும் நடுவே கிடக்கும் தீவே ஸ்ரீஹரிகோட்டா. 1969இல் ஏவுதளத்துக்கென அத்தீவு தெரிவு செய்யப்பட்டபோது, காட்டையும் நீரையும் நம்பி யானாதிப் பழங்குடியினர் அங்கே வாழ்ந்து வந்தனர். தளத்தின் பொருட்டு அவர்கள் இடம்பெயர நேர்ந்தது. இன்றும் ரொக்கெட் ஏவப்படும் நாளில் அண்டைக் கடலில் வலை வீசுதல் ஆகாது. ‘மனிதன் விண்ணை வென்றான்’ என்று பாட்டெழுதும் எமது கவிஞர்களும் அந்த விமானச் சாளரத்தருகே அமர்ந்தே எழுதுகிறார்கள். எந்த மனிதன் என்று அவர்கள் கேட்பதில்லை.

அப்படியானால் உயரத்திலிருந்து படம் எடுப்பதே பிழையா? அன்று. இங்கேதான் நாம் நிதானமாகச் சிந்திக்கவேண்டும்.

2003 ஜனவரி 16ஆம் திகதி அமெரிக்காவின் கொலம்பியா விண்ணோடம் புறப்பட்டபோது, எரிபொருள் தாங்கியிலிருந்து உடைந்த நுரைத்துண்டு ஒன்று அதன் இடது இறக்கையைத் தாக்கிற்று. தரையிலிருந்த கமராக்கள் அதனைக் கண்டன; ஆனால் தெளிவாகக் காணவில்லை. விண்ணிலே சுற்றிக்கொண்டிருக்கும் ஓடத்தின் இறக்கையைப் படம் பிடித்துத் தாருங்கள் என்று பொறியியலாளர்கள் கேட்டனர். மேலிடம் அதற்கு இணங்கவில்லை. பெப்ரவரி 1ஆம் திகதி பூமிக்குத் திரும்புகையில் ஓடம் சிதைந்தது. கல்பனா சாவ்லா உள்ளிட்ட எழுவரும் மாண்டனர். எடுக்கப்படாத ஒரு படத்தின் விலை என்னவென்பதை உலகம் அன்று அறிந்துகொண்டது.

விபத்தை ஆராய்ந்த குழு, விண்ணோடம் எழும்போது குறைந்தது மூன்று கோணங்களிலிருந்தாவது பயன்படத்தக்க படங்கள் கிடைக்கவேண்டும் என்றும், கப்பல்களையும் விமானங்களையும் இதற்கு ஈடுபடுத்துவது பற்றிச் சிந்திக்கவேண்டும் என்றும் பரிந்துரைத்தது. 2005 ஜூலை 26ஆம் திகதி டிஸ்கவரி புறப்பட்டபோது, நாசாவின் டபிள்யூ.பி.-57 விமானங்கள் ஏறத்தாழ 60,000 அடி உயரத்தில் காத்திருந்தன. மூக்குப் பகுதியில் தொலைநோக்கியோடு இணைத்த கமரா பொருத்தப்பட்டிருந்தது. முகிலும் ஈரமும் தூசியும் பெரும்பாலும் அந்த உயரத்துக்குக் கீழே நின்றுவிடுகின்றன; அதனாலேயே தரைக் கமரா இழந்துவிடும் காட்சியை அங்கிருந்து பிடிக்க முடிகிறது. அப்பயணத்திலும் நுரைத்துண்டு உடைந்து வீழ்ந்தது. இம்முறை தாங்கியிலேயே பொருத்தியிருந்த கமரா அதனைத் தெளிவாகக் காட்டிக்கொடுத்தது. அடுத்த பயணம் 2006 ஜூலை வரை தள்ளிப்போயிற்று.

சாளரத்துப் படமும் இப்படமும் உயரத்திலிருந்தே எடுக்கப்பட்டன. ஆயினும் ஒன்று கைதட்டுகிறது; மற்றது கேள்வி கேட்கிறது. எங்கே உடைந்தது, யாருக்கு ஆபத்து, யார் பொறுப்பு என்று கேட்கிறது. கலை யாருக்காக என்று நாம் நெடுங்காலமாக நடத்திவரும் வழக்கின் தீர்ப்பும் இதுவே. உயர நிற்பது குற்றமன்று. உயர நின்று கீழே பாராதிருப்பதே குற்றம்.

மாணவனின் கேள்விக்கு இனி வருவோம். சந்திரயான் கிழக்கு நோக்கிச் சென்றது; அதன் கழிந்த பாகங்கள் கடலுக்கென்றே கணிக்கப்பட்டவை. ஆனால் துருவப் பாதைக்குச் செயற்கைக் கோள்களைச் சுமந்து செல்லும் பி.எஸ்.எல்.வி. ரொக்கெட் தெற்கே போகவேண்டும். நேர் தெற்கே இருப்பது இலங்கை. ஆகவே அது முதலில் தென்கிழக்காகச் சென்று, இத்தீவைத் தவிர்த்து, பின்னரே தெற்கு நோக்கித் திரும்புகிறது. அவ்வளைவினால் எரிபொருள் கூடுதலாகச் செலவாகிறது. சுமக்கக்கூடிய எடை குறைகிறது. 2024 பெப்ரவரி 28ஆம் திகதி குலசேகரன்பட்டினத்தில் புதிய ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டதற்கு, அங்கிருந்து நேர் தெற்கே செல்லலாம் என்பது ஒரு முக்கிய காரணமாகும்.

பொறியியற் கணக்கிலே நாம் ஒரு தடை, ஒரு செலவு. ஆனால் அவ்வளைவை வேறுவிதமாகவும் வாசிக்கலாம். கீழே மனிதர் இருக்கிறார்கள் என்பதை விஞ்ஞானம் ஒப்புக்கொண்டு வரைந்த கோடு அது. அத்தனை விண்வெளிப் படங்களிலும் மனிதத் தன்மை மிக்க கோடு அதுவே என்போம். பழவேற்காட்டுக் கரையாருக்கும் குலசேகரன்பட்டினத்துக் கரையாருக்கும் அவ்வாறே வளைந்து கொடுக்கிறார்களா என்பதே இனி நாம் கேட்கவேண்டிய கேள்வி.

விஞ்ஞானத்தின் மீது எமக்குப் பகையில்லை, பகைக்கவும் முடியாது. 1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு எமது கரையைச் சூறாவளி சிதைத்ததைக் கண்ட முதியோர் இன்னும் இருக்கிறார்கள். 2016இலும் 2024இலும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட இன்சாட் வானிலைக் கோள்கள் இன்று வங்கக் கடலின் முகில்களை இடையறாது படம் பிடிக்கின்றன. அப்படம் உரிய வேளையில் உரிய மொழியில் எமது தோணிக்காரரை எட்டுமாயின், சந்திரனின் படத்தைவிட அது அழகியது.

கல்லடியில் துயிலும் விபுலானந்த அடிகள் 1920இல் லண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டம் பெற்றவர். 1947இல் ‘யாழ் நூல்’ தந்தவர். பழம் இசையை வியந்ததோடு அவர் நின்றுவிடவில்லை; நரம்பின் நீளத்தைக் கணக்கிட்டு அளந்தார். வியப்பிலிருந்து அளவைக்கும், அளவையிலிருந்து மனிதனுக்கும் செல்வதே எமது மரபு. ஆசிரிய நண்பர்களே! அடுத்த ரொக்கெட் படம் உங்கள் வகுப்பறைக்கு வரும்போது கைதட்டலைத் தடுக்கவேண்டாம். கைதட்டல் ஓய்ந்தபின் ஒரு மாணவன் எழுந்து கேள்வி கேட்பதற்கு இடம் விடுங்கள்.