ஈரப்பஞ்சின் வேலை
விழுங்க முடியாதவரின் உலர்ந்த வாயை ஈரப்பஞ்சால் துடைப்பது பலர் கண்ணில் மருத்துவமாகவே படாது. செபராங் ஜெயா அடுக்குமாடி வீட்டுக்கு வரும் ஹாஸ்பிஸ் (இறுதிக்காலப் பராமரிப்பு) தாதியிடம் அதன் நுட்பத்தைப் பார்க்கவேண்டும். சொட்டு தொண்டைக்குள் இறங்காதபடி பஞ்சைப் பிழிந்து, ஈறு, கன்னத்தின் உட்புறம், நாக்கு என்று விரல்கள் அவசரமில்லாமல் நகரும். அடுத்த முறை பஞ்சு மகளின் கைக்கு மாறும். செய்வதறியாமல் நின்றவளுக்கு ஒரு வேலை. துக்கத்துக்கான துணை அங்கேயே தொடங்கிவிடுகிறது என்பேன்.

பெரிய மருத்துவமனை பக்கத்திலேயே இருக்க, வீட்டிலேயே வைத்துப் பராமரிப்பது கைவிடுதல் இல்லையா என்பார்கள். 2010-இல் வெளியான பாஸ்டன் ஆய்வில், வழக்கமான சிகிச்சையோடு தொடக்கத்திலேயே வலிதணிப்புப் பராமரிப்பும் பெற்ற நுரையீரல் புற்றுநோயாளிகள், அது பெறாதவர்களைவிட இடைநிலை அளவில் (median) 2.7 மாதம் கூடுதலாக வாழ்ந்தார்கள். பஞ்சுதான் ஆயுளைக் கூட்டியது என்று சொல்ல வரவில்லை. சிகிச்சையை நிறுத்தாமலே இத்தகைய பராமரிப்பையும் சேர்த்துக்கொள்ளலாம் என்பதற்கு அந்த ஆய்வு போதும்.