வடிவாப் பார்! சின்னப் பிள்ளையோடு நெடுந்தீவை ரசிப்பது எப்படி?

யாழ்ப்பாணத் தீவுப்பகுதியில், நாரந்தனையில் எங்கள் வீட்டுக் கிணற்றடியில் நின்று பேரன் ஒரு கேள்வி கேட்டான். அவனுக்கு ஐந்து வயது. கனடாவில் பிறந்தவன். போன வருடம் தாயும் தகப்பனும் அவனை அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலுள்ள சயன் தேசியப் பூங்காவுக்குக் கூட்டிப் போயிருந்தார்கள். ஒரு ஆறு அறுத்து விட்ட பள்ளத்தாக்கு அது. இரண்டு பக்கமும் சிவந்த பாறைகள் செங்குத்தாக எழுந்து நிற்கும். அந்தச் சிவப்பு அவன் மனதை விட்டுப் போகவில்லை.

"அம்மம்மா, அங்க கல்லு சிவப்பு. இங்க ஏன் வெள்ளை? ஏன் ஓட்டை ஓட்டையா இருக்கு?"

"நாளையிண்டைக்கு ஒரு இடத்துக்குப் போவம் ராசா. அங்க போய் வடிவாப் பாப்பம்" என்றேன்.

எங்கள் பேச்சில் 'வடிவு' என்றால் அழகு. 'வடிவாப் பார்' என்றால் கவனமாகப் பார். அழகுக்கும் கவனத்துக்கும் எங்கள் ஊரில் ஒரே சொல்தான். நான் சொன்ன இடம் நெடுந்தீவு. அதை ரசிக்கும் முறையும் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

நெடுந்தீவின் ஒரு பகுதி, ஏறத்தாழ 1,846 ஹெக்டேயர், 2015இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அங்கே மலை இல்லை, ஆறு இல்லை, பள்ளத்தாக்கும் இல்லை. தட்டையான வெளியும் பனையும் கல்வேலியும் குதிரையும்தான். வருகிறவர்களில் பலர் ஓட்டோ பிடித்து, குதிரை, பெருக்குமரம், கோட்டை, புறாக்கூடு என்று ஒவ்வொன்றின் முன்னும் நின்று படம் எடுத்துவிட்டு அடுத்த படகுக்கு ஓடுகிறார்கள். கூட வந்த பிள்ளை வெயிலில் சிணுங்கும். "அங்க ஒண்டுமில்லை" என்ற பேச்சோடு திரும்புவார்கள். பெரியவர்களின் கண் தேடுகிற உயரத்தில் அந்தத் தீவில் அதிகம் இல்லைத்தான். பிள்ளையின் கண் உயரத்தில் நிறைய இருக்கிறது.

வீட்டுச் சுவரில் தொடங்குங்கள்

பயணத்துக்கு முதல் நாளே பாடம் தொடங்கட்டும். தீவுப்பகுதியின் பழைய வீடுகளிலும் கிணற்றுக் கட்டுகளிலும் முருகைக்கல், அதாவது பவளக்கல், இருக்கும். சாந்து உதிர்ந்த இடமாகப் பார்த்துப் பிள்ளையின் விரலை அங்கே வையுங்கள். சொரசொரப்பாக இருக்கும். கிட்டப் பார்த்தால் சிறு சிறு வட்டங்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் நடுவிலிருந்து பிரியும் மெல்லிய கோடுகள். கல்லுக்குள் யாரோ பூக்களை அடுக்கி வைத்தது போல இருக்கும்.

ஒவ்வொரு வட்டமும் ஒரு பவள உயிரி இருந்த வீடு என்று பிள்ளைக்குச் சொல்லுங்கள். அந்த உயிரிகளில் நெல்மணியிலும் சிறியவை பல உண்டு. ஒவ்வொன்றும் கடல் நீரிலுள்ள சுண்ணாம்பை எடுத்துத் தன்னைச் சுற்றி ஒரு கிண்ணம் கட்டிக்கொள்ளும். அதன் பக்கத்தில் இன்னொன்று, அதற்கு மேல் இன்னொன்று. உருண்டையாக வளரும் பவளங்களில் பல, வருடத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவில்தான் வளர்கின்றன. ஐந்து வயதுப் பிள்ளையின் வாழ்நாள் முழுவதும் சேர்ந்தால் ஐந்து சென்ரிமீற்றர் கல். பேரனுக்கு விரலால் அளந்து காட்டினேன். "நான் இவ்வளவுதானா?" என்று வாய் பிளந்தான்.

சயனின் சிவப்புக்கும் விடை சொல்லலாம். அது ஒரு காலத்தில் பாலைவன மணல்மேடு. மணல் இறுகிக் கல்லாகி, அதிலுள்ள இரும்பு துருப்பிடித்துச் சிவந்தது. கோப்பாய், உரும்பிராய்ப் பக்கத்துத் தோட்டங்களின் செம்பாட்டு மண்ணைச் சிவப்பாக்குவதும் அதே இரும்புத் துருதான். முருகைக்கல் உயிர் கட்டிய சுண்ணாம்பு. அதனால் வெளிறி இருக்கிறது. அங்கே காற்று சேர்த்த மணல், இங்கே உயிர்கள் கட்டிய வீடு. ஐந்து வயதுக்கு இவ்வளவு போதும்.

எந்தக் காலம், எந்த வழி

மாசி, பங்குனி நல்ல மாதங்கள். மாரி மழை ஓய்ந்து புல் பச்சையாக இருக்கும், வாடைக்காற்றும் தணிந்திருக்கும். வைகாசிக்குப் பிறகு சோளகம் எழும்பினால் கடல் கொந்தளிக்கும். சின்னப் பிள்ளைக்கு அது ஆகாது.

நாரந்தனையிலிருந்து புளியங்கூடல், சரவணை தாண்டி, வேலணை வங்களாவடிக்கு வந்து, வாணர் தாம்போதியால் புங்குடுதீவுக்குப் போனால் குறிகட்டுவான் இறங்குதுறை. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலுக்கும் நாகவிகாரைக்கும் படகு ஏறுவதும் அங்கேதான். நெடுந்தீவுப் படகின் நேரத்தை முதல் நாளே விசாரித்து வையுங்கள். திரும்பும் படகு எப்போது என்பதையும் மறவாமல் கேளுங்கள். காலை முதல் படகே நல்லது. பிள்ளைக்குத் தொப்பி, நீளக் கைச் சட்டை, நிறையத் தண்ணீர், உயிர்காப்பு அங்கி எல்லாம் வேண்டும். கையில் பயற்றம் பணியாரமும் வாழைப்பழமும் இருந்தால் பாதி அழுகை வராது.

கடல் ஒரு மணி நேரம்

கடல் ஓட்டம் ஏறத்தாழ ஒரு மணி நேரம். கைத்தொலைபேசியைக் கொடுத்துப் பிள்ளையை அடக்கி வைக்க வேண்டாம். நீரின் நிறத்தை எண்ணச் சொல்லுங்கள். அடியில் மணல் இருக்கும் இடம் வெளிர் பச்சை, கடற்புல் இருக்கும் இடம் கடும் பச்சை, ஆழம் நீலம். பாக்குநீரிணை ஆழம் குறைந்த கடல் ஆகையால் நிறம் மாறிக்கொண்டே வரும். இந்தக் கடலின் பவளப் பாறைகளில் அந்த உயிரிகள் இன்றும் கல் கட்டிக்கொண்டிருக்கின்றன. பிள்ளை நேற்றுத் தொட்ட கல்லின் உறவுக்காரர் அவர்கள்.

ஒல்லாந்தர் எங்கள் தீவுகளுக்குத் தங்கள் ஊர்ப் பெயர்களை வைத்தார்கள். வேலணைத் தீவு லெய்டன், காரைநகர் அம்ஸ்ரடாம், அனலைதீவு றொட்டர்டாம். ஆங்கிலத்தில் இன்றும் நிலைத்திருப்பது நெடுந்தீவுக்கு வைத்த டெல்வ்ற் மட்டுமே. எங்கள் வாயில் அது எப்போதும் நெடுந்தீவுதான்.

இறங்கும் மாவிலித்துறையில் ஒரு நினைவிடம் உண்டு. 1985 மே 15 அன்று குமுதினிப் படகில் போன மக்கள், குழந்தைகள் உட்பட, நடுக்கடலில் கொல்லப்பட்டார்கள். அந்த இடத்தைக் கடந்து ஓட வேண்டாம். "இந்தக் கடலில போன எங்கட ஆக்களைக் கொண்டு போட்டினம். கும்பிட்டிட்டுப் போவம்" என்று சொன்னேன். பேரன் ஒன்றும் கேட்காமல் கை கூப்பினான். பிள்ளை கேட்டால் கேட்டதற்கு மட்டும் உண்மையாகப் பதில் சொல்லுங்கள்.

ஒரு வேலிக்கு ஒரு மணி நேரம்

நெடுந்தீவின் ஒழுங்கைகளில் இரண்டு பக்கமும் கல்வேலி ஓடும். முருகைக் கற்களைச் சாந்து இல்லாமல் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிய வேலி. கதியால் நட்டுக் கிடுகு கட்டிய வேலி பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது வேறொரு யாழ்ப்பாணம். மண் மெலிந்து கல் மிகுந்த நிலத்தில் தோட்டம் செய்ய வேண்டுமென்றால் முதலில் கல்லைப் பொறுக்க வேண்டும். பொறுக்கிய கல்லை எங்கே போடுவது? வேலியாக அடுக்கினார்கள். நிலம் துப்புரவாயிற்று, ஆடு மாட்டுக்கும் தடை ஆயிற்று. காற்று கற்களின் இடையால் நுழைந்து போவதால் வேலி அதை எதிர்த்து நிற்கத் தேவையில்லை.

ஓட்டோவை நிற்பாட்டி இறங்குங்கள். பிறகு குந்துங்கள். இந்தக் கட்டுரையில் ஒரேயொரு வரியை நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள்: பிள்ளையின் உயரத்துக்குக் குந்துங்கள். நின்று பார்த்தால் அது ஒரு சாம்பல் நிறக் கோடு. குந்திப் பார்த்தால் ஒவ்வொரு கல்லும் வேறு. ஒன்றில் நட்சத்திர வட்டங்கள், ஒன்றில் மூளையின் மடிப்புப் போல வளைந்தோடும் வரிகள், ஒன்றில் ஊசி குத்தியது போன்ற நுண் துளைகள். இவை வேறு வேறு வகைப் பவளங்கள். பெயர் தெரிய வேண்டும் என்றில்லை. பிள்ளையையே பெயர் வைக்க விடுங்கள். பேரன் ஒன்றுக்கு 'இடியப்பக் கல்' என்று வைத்தான். அந்த வளைந்த வரிகளுக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தோன்றவில்லை.

கையில் மெல்லிய கடதாசியும் மெழுகு வர்ணக் குச்சியும் கொண்டு போங்கள். கல்லின் மேல் கடதாசியைப் பிடித்துக் குச்சியைப் படுக்க வைத்து மெதுவாகத் தேய்த்தால் அந்தப் பூ கடதாசியில் எழும்பி வரும். பேரன் சிவப்புக் குச்சியைத்தான் எடுத்தான். நான்கு கடதாசி நிரம்ப ஒரு மணி நேரம் போயிற்று. வேலியில் ஏற மட்டும் விடாதீர்கள். ஒரு கல் சரிந்தால் பல சரியும், காலிலும் விழும்.

குதிரை: பொறுத்திருந்து பார்க்க

நெடுந்தீவுக் குதிரைகள் உருவத்தில் சிறிய மட்டக்குதிரைகள். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலங்களில் இங்கே வளர்க்கப்பட்டவற்றின் வழிவந்தவை. ஒல்லாந்தரின் குதிரை லாயத் தூண்கள் இடிபாடாக நிற்கின்றன. ஆங்கிலேயர் ஆட்சியின் தொடக்கத்தில் நோலன் என்ற படை அதிகாரியின் பொறுப்பிலும் இங்கே குதிரை வளர்ப்பு நடந்தது. பிறகு குதிரைகளைத் தேடுவார் இல்லாமல் போக, அவை தம்பாட்டில் வாழப் பழகிக்கொண்டன.

கிட்டப் போக வேண்டாம். வாகனத்தால் துரத்திப் படம் எடுப்பதைப் பிள்ளை பார்க்கவே கூடாது. நிழலில் அமர்ந்து பத்து நிமிடம் பேசாமல் இருங்கள். ஐந்து வயதுக்குப் பத்து நிமிடம் நீண்ட காலம். ஒரு வேலை கொடுங்கள். எத்தனை குட்டி, எது முதலில் நடக்கிறது, எது அதன் பின்னால் போகிறது, காது எந்தப் பக்கம் திரும்புகிறது. கூட்டத்துக்குள் ஒரு குடும்பம் இருப்பதைப் பிள்ளை தானாகக் கண்டுபிடிக்கும். கோடையில் குடிக்கத் தண்ணீரின்றி இந்தக் குதிரைகள் செத்து விழுந்த ஆண்டுகள் உண்டு. அதைச் சொன்னதும் பேரன் தன் தண்ணீர்ப் போத்தலைப் பார்த்தான்.

பெருக்குமரமும் வளரும் கல்லும்

பெருக்குமரம் ஆபிரிக்காவிலிருந்து வந்தது. அராபிய வணிகர் கொண்டுவந்தது என்பார்கள். பெரியவர்கள் அதை அண்ணாந்து பார்ப்பார்கள். பிள்ளையோ நேரே அடிமரத்துப் பொந்துக்குள் போய்விடும். நீங்களும் குனிந்து உள்ளே போங்கள். வெயில் அடங்கி, ஒரு குளிர்ச்சி வந்து சேரும். பட்டையைத் தடவிப் பாருங்கள். பெயர் வெட்டியிருப்பவர்களைக் காட்டி, மரத்துக்கு அது காயம் என்று சொல்லுங்கள்.

பழைய கோட்டையின் இடிந்த சுவரில் இரண்டு நிமிடம் போதும்: "இதுவும் அதே கல்லு!" என்று பிள்ளை கத்தும். தூண் மேல் நிற்கும் புறாக்கூட்டில் துளைகளை எண்ணலாம்.

வளரும் கல்லில் சற்று நில்லுங்கள். வருடா வருடம் வளர்வதாக ஊரார் நம்பும் கல் அது. பாறையில் பெரும் பாதம் பதிந்தது போன்ற ஒரு பள்ளமும் வேறிடத்தில் உண்டு. இங்கே பிள்ளையிடம் மறுத்துப் பேச வேண்டாம், சத்தியம் பண்ணவும் வேண்டாம். "இந்த ஊர் ஆக்கள் இப்பிடிச் சொல்லினம். நீ என்ன நினைக்கிறாய்?" என்று கேளுங்கள். "கடலுக்க இருக்கேக்க வளந்திருக்கும்" என்றான் பேரன். தன் கண்ணால் பார்த்ததையும் ஊர் சொல்வதையும் ஒன்றாகச் சேர்த்துப் பிள்ளை சொன்ன விடை அது.

கல்லுக்குள் தண்ணீர்

ஆறில்லாத தீவில் மனிதர் எப்படி வாழ்ந்தார்கள்? சாராப்பிட்டியின் நன்னீர்க் கிணறுகளிடம் கேளுங்கள். மாரி மழை துளையுள்ள சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, கீழே உள்ள உவர்நீரின் மேல் மிதந்து நிற்கும். நன்னீர் பாரம் குறைந்தது. அளவோடு அள்ளினால் ஊருக்குப் போதும். அளவு மீறினால் உப்பு மேலே ஏறிவிடும். வீட்டில் ஒரு கண்ணாடிக் குவளையில் உப்புத் தண்ணீரை ஊற்றி, அதன் மேல் சாயம் கலந்த நல்ல தண்ணீரைக் கரண்டியால் மெல்ல விட்டுக் காட்டுங்கள். மேலே மிதப்பது தெரியும். கரண்டியால் கலக்கியதும் எல்லாம் உப்பாகிவிடும். பேரனுக்கு இதைச் செய்து காட்டியபோது, நாரந்தனைக் கிணற்றில் வாளி விடும் முன்பு என்னைப் பார்த்து, "மெதுவா அள்ளுங்கோ அம்மம்மா" என்றான்.

எதையும் எடுத்து வராதீர்கள்

கரையில் அழகான முருகைக்கல் துண்டுகள் கிடக்கும். பிள்ளை சட்டைப் பையில் போடும். பறித்து எறியாமல், இருந்து பேசுங்கள். பூங்காவில் எதையும் எடுக்கக் கூடாது என்பது சட்டம். சட்டத்துக்கு அப்பால், கரைக்கு அந்தக் கல் வேண்டும். அலையின் அடியைத் தாங்குவது அதுதான். ஒரு காலத்தில் முருகைக்கல்லைச் சூளையில் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்தோம், கடலிலிருந்து வெட்டியும் எடுத்தோம். அதற்கான விலையை எங்கள் கரைகள் இன்னும் கொடுத்துக்கொண்டிருக்கின்றன. பேரன் யோசித்துவிட்டு, எடுத்த இடத்திலேயே கல்லைக் கொண்டுபோய் வைத்தான். கையில் தேய்த்து எடுத்த கடதாசி இருந்ததால் அவனுக்கு அது இழப்பாகத் தெரியவில்லை.

பயணம் முடியும் இடம்

மாலைப் படகில் பிள்ளை தூங்கிவிடும், தூங்கட்டும். அடுத்த நாள் காலை அந்தக் கடதாசிகளை எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டுக் கிணற்றடிக்குப் போங்கள். நெடுந்தீவில் எடுத்த பூவுக்குச் சோடி இங்கே இருக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் அதற்கு அரை மணி நேரம் பிடித்தது. கிணற்றடித் தொட்டியின் கீழ் மூலையில், பாசி படிந்த இடத்தில், நான் எழுபது வருடம் கால் கழுவிய இடத்தில், பேரன் ஒரு இடியப்பக் கல்லைக் கண்டுபிடித்தான். நான் அதை ஒருநாளும் கண்டதில்லை. அவன் பக்கத்தில் குந்தி, ஈரக் கையால் பாசியை விலக்கி, வடிவாகப் பார்த்தேன்.