எண்ணெய் விட்டால் போதுமா?

பரணில் கிடந்த வால்வு ரேடியோவை இறக்கித் துடைக்கிறோம். நிலையம் மாற்றும் குமிழ் அசைய மறுக்கிறது. "எண்ணெய் விட்டால் சரியாகிவிடும்" என்பதே பலரும் கூறும் யோசனை. இது பாதி உண்மைதான். மறுபாதி பெட்டியைப் பாழாக்கிவிடும்.

பெரும்பாலான பெட்டிகளில் குமிழைத் திருப்பினால் ஒரு கயிறு பெரிய சக்கரத்தைச் சுழற்றுகிறது. சக்கரம் கேங் கண்டென்சரின் அச்சைத் திருப்ப, அதிலுள்ள தகடுகள் அசைகின்றன. அச்சுத் தாங்கிகளில் இட்ட கிரீஸ் பல்லாண்டுகளில் ஆக்சிஜனேற்றம் அடைந்து பிசினாக இறுகிவிடுகிறது. இதன்மேல் புது எண்ணெய் விடுவதால் பயன் சிறிதே. பழைய பிசினை டர்பன்டைன் தொட்ட தூரிகையால் இளக்கித் துடைத்த பிறகே, தாங்கிக்கு ஒரு துளி தையல் இயந்திர எண்ணெய் இடவேண்டும்.

கயிற்றில் எண்ணெய் படவே கூடாது. குமிழின் அச்சில் சுற்றியுள்ள கயிற்றை இழுப்பது உராய்வு ஒன்றே. கயிறு இரண்டு சுற்று இருப்பதாகவும், உராய்வுக் கெழு 0.3 எனவும் கொள்வோம். அதன் இருபக்க இழுவிசைகள் ஏறத்தாழ 43 மடங்கு வேறுபடும்வரை கயிறு நழுவாது. எண்ணெய் பட்டுக் கெழு 0.1 ஆகிவிட்டால், அந்த 43 வெறும் 3.5 ஆகச் சுருங்கும். பிறகு குமிழ் சுழலும், முள் நகராது!

தகடுகளுக்கிடையிலும் எண்ணெய் ஆகாது. காற்றின் மின்காப்பு மாறிலி ஏறத்தாழ 1. கனிம எண்ணெயினுடையது 2-க்குச் சற்று மேல். ஆகவே மின்தேக்குதிறன் கூடி, நிலையங்கள் டயலில் இடம் மாறும். தூசியும் ஒட்டும்.

இந்த யோசனையின் பெருங்குறை, இறுகியதன் காரணத்தை அது ஆராயாததே. 1920-களின் சில பெட்டிகளில் துத்தநாக வார்ப்பு உறுப்புகள் உண்டு. துத்தநாகத்தில் ஈயம் போன்ற மாசு கலந்திருந்தால், உலோகப் படிகங்களுக்கிடையே அரிப்பு ஏற்பட்டு வார்ப்பு உப்புகிறது, வெடிக்கிறது, அச்சைக் கவ்விக்கொள்கிறது. உப்பிய உலோகத்தை எந்த எண்ணெயும் சுருக்காது. மிகத் தூய துத்தநாகத்தாலான ஜாமக் என்ற கலவை அமெரிக்காவில் 1929-ல் உருவானது இக்குறையைத் தவிர்க்கவே.

எனவே, முதலில் மின்இணைப்பைத் துண்டியுங்கள். குமிழை வலிந்து திருகாதீர்கள். கயிறு அறும், தகடு வளையும். கயிற்றின் அமைப்பைப் படம் வரைந்துகொண்டு கழற்றுங்கள். குமிழின் அச்சு, சக்கரம், கண்டென்சர் ஆகியவற்றைத் தனித்தனியே மெல்ல அசைத்து, இறுகிய இடத்தைக் காணுங்கள். டர்பன்டைன் தீப்பற்றக் கூடியது; பிளாஸ்டிக் டயலில் பட்டால் அதையும் கெடுக்கலாம்.

நோய் அறிந்து மருந்திடுவது இயந்திரத்துக்கும் பொருந்தும். வழுக்க வேண்டிய இடம் எது, பற்ற வேண்டிய இடம் எது என்று தெரிந்த பிறகே எண்ணெய்க் குப்பியைத் திறக்க வேண்டும்.