கருவிப் பெயரும் நம்பகத்தன்மையும்: ஜப்பானியப் பேரியந்திர அனிமேயில் செலுத்துநர் அறை, உந்துபொறி பற்றிய சொல்லாட்சி

அனிமே எனப்படும் ஜப்பானிய அசைவோவியப் படைப்புகளுள் பேருருவ இயந்திர மனிதனை மையமாகக் கொண்டவை தனியொரு வகையாக வளர்ந்துள்ளன. மனிதர் ஒருவர் உள்ளே அமர்ந்து செலுத்தும் இவ்வியந்திரங்களின் செலுத்துநர் அறையும் உந்துபொறிகளும் நடப்பியலுக்கு எவ்வளவு பொருந்துகின்றன என்னும் வினா இவ்வகை பற்றிய திறனாய்வில் திரும்பத் திரும்ப எழுப்பப்படுகிறது. இயற்பியலைக் கொண்டு விடை காண முயல்வோர் பெரும்பாலும் பொருந்தவில்லை என்ற முடிவுக்கே வருகின்றனர். 18 மீட்டர் உயரமுள்ள உருவம் ஓடினால் உள்ளே இருப்பவர் ஒவ்வோர் அடிக்கும் பெறும் அதிர்ச்சியைத் தாங்க இயலாது என்பதைக் காட்டப் பெரிய கணக்கீடு எதுவும் தேவையில்லை. எனினும் பார்வையாளர் சில படைப்புகளை நம்புகின்றனர். சிலவற்றைக் கதையாக மட்டுமே கொள்கின்றனர். இவ்வேறுபாட்டின் வேர் பொறியியலில் இருப்பதைவிடப் பெயரிடும் முறையிலேயே மிகுதியாக உள்ளது எனலாம். அவ்வாறாயின், இப்படைப்புகளை வேறொரு மொழிக்குக் கொண்டுவருபவர் ஒரு கலைச்சொல்லைத் தவறாகக் கையாளும்போது இழப்பது ஒரு சொல்லை மட்டுமன்று. அவ்வியந்திரத்தின் இருப்பையே ஆகும்.

1972 டிசம்பரில் ஒளிபரப்பாகத் தொடங்கிய 'மஜிங்கர் இசட்' இவ்வகையின் தொடக்கநிலையைக் காட்டுகிறது. நாகாய் கோ உருவாக்கிய இப்படைப்பில், கபுதோ கோஜி என்னும் இளைஞன் சிறு பறக்கும் ஊர்தியில் வந்து இயந்திரத்தின் தலையில் பொருந்துகிறான். மனிதனே இயந்திரத்தின் மூளை என்பது இக்காட்சியின் உருவகம். அறையினுள் நெம்புகோல்களும் பொத்தான்களும் காட்டப்பட்டாலும், ஆயுதம் பாய்வது அதன் பெயர் உரக்கக் கூவப்படும்போதுதான். மொழியியலார் இதனை எளிதில் இனங்காண்பர். சொல்வதே செயலாக அமையும் கூற்றுகளை ஆஸ்டின் செயல்நிகழ்த்து கூற்றுகள் என வகைப்படுத்தினார். கோஜியின் கூவல் அவ்வகையைச் சார்ந்தது. இது மந்திரத்தின் மொழி. மந்திரம் கருவியைப் பற்றி எதுவும் கூறுவதில்லை, ஏவுகிறது, அவ்வளவே. ஆகவே மஜிங்கர் எவ்வாறு இயங்குகிறது என்று எவரும் கேட்பதில்லை. கேளாதிருப்பது அப்படைப்பின் குறையும் அன்று.

1979 ஏப்ரல் 7 அன்று தொடங்கிய 'மொபைல் சூட் கன்டம்' தொடரின் முதற் பகுதியிலேயே நிலைமை மாறுகிறது. (இப்பெயரை டண்ணகர மெய்யிட்டு எழுதினால் பெருநிலப்பரப்பையும் உயிருக்கு நேரும் ஆபத்தையும் குறிக்கும் தமிழ்ச் சொல்லாகிவிடும், எனவே இங்கு றன்னகரம் கொள்ளப்படுகிறது.) தொமினோ யோஷியுகி இயக்கிய இத்தொடரின் தலைவனான அமுரோ ரே, தற்செயலாகக் கிடைத்த கையேட்டைப் படித்துக்கொண்டே இயந்திரத்தை இயக்கக் கற்கிறான். ஆற்றல் அளவைக் குறிக்கும் 'எனர்ஜி கெயின்' என்ற தொடரை வியப்போடு வாய்விட்டுச் சொல்கிறான். அத்தொடரின் துல்லியமான பொருள் என்ன என்பது விளக்கப்படுவதில்லை. விளக்க வேண்டியதும் இல்லை. கையேடு என்று ஒன்று இருந்தால் அதை எழுதியவர், அச்சிட்டவர், திருத்தியவர், இயந்திரத்தைப் பழுதுபார்ப்பவர் எனப் பலர் இருந்தாக வேண்டும். ஒரு நிறுவனமே அச்சொல்லின் பின்னால் வந்து நிற்கிறது. மஜிங்கருக்கும் உயரம் 18 மீட்டர், கன்டமுக்கும் உயரம் 18 மீட்டர். உருவம் மாறவில்லை, பேசும் மொழி மந்திரத்திலிருந்து கையேட்டுக்கு மாறியிருக்கிறது.

செலுத்துநர் அறையின் சிக்கல் இங்குதான் கூர்மையடைகிறது. போர் விமானத்தைச் செலுத்துபவரின் ஒரு கை திசைக்கோலிலும் மற்றொரு கை விசைக் கட்டுப்பாட்டிலும், கால்கள் மிதிகளிலும் இருக்கும். விமானத்திற்கு இவை போதுமானவை. ஆனால் தோள், முழங்கை, மணிக்கட்டு, பத்து விரல்கள், இடுப்பு, முழங்கால் எனப் பல மூட்டுகளைக் கொண்ட உருவத்தை இரு கோல்களும் இரு மிதிகளும் எவ்வாறு ஆளும்? நல்ல படைப்புகள் இவ்வினாவைத் தவிர்ப்பதில்லை. கன்டமில் பட்டறிவால் கற்கும் கணிப்பொறி ஒன்று இடையில் நிற்கிறது. தகஹாஷி ரியோசுகே இயக்கிய 'வோட்டம்ஸ்' தொடரில் (1983) இயக்கத் தொகுப்புகள் வட்டுகளில் பதியப்பட்டுள்ளன. வீரன் அவற்றைத் தன் போக்கிற்கேற்பத் திருத்தி எழுதுகிறான். 'பட்லேபர்' திரைப்படம் (1989) இன்னும் ஒரு படி மேலே சென்று, இயக்கு மென்பொருளில் மறைந்திருக்கும் கேட்டையே கதையின் கருவாக்கியது. இவை அனைத்திலும் செலுத்துபவர் வினையடியை மட்டும் தருகிறார். விகுதிகளையும் சாரியைகளையும் சேர்த்து முழு வினைமுற்றாக்குவது இயந்திரத்தின் இலக்கணம். நான்கு உறுப்புகளின் குறைந்த எழுத்துகளைக் கொண்டு எண்ணற்ற அசைவுகள் பிறப்பது இதனால் ஏற்கத்தக்கதாகிறது.

இவற்றுள் வோட்டம்ஸின் அறையே மிகச் சிறந்தது எனக் கூறத் தயங்க வேண்டியதில்லை. ஏறத்தாழ 4 மீட்டர் உயரமுள்ள அவ்வியந்திரத்தினுள் வீரன் முடங்கி அமர்ந்து, கண்ணை மூடும் கண்ணாடிக் கருவி வழியே வெளியுலகைக் காண்கிறான். காண்பதற்கு எவ்வளவு குறைவாக இருக்கிறதோ அவ்வளவு அது மெய்யாகிறது. 'ஸீட்டா கன்டம்' தொடரில் (1985) வரும், சுற்றிலும் மேலும் கீழும் வெளியைக் காட்டும் கோளத் திரை இதற்கு மாறானது. விண்மீன்களுக்கு இடையே இருக்கை மட்டும் மிதப்பது அழகிய காட்சியே. ஆனால் அறை என்ற உணர்வையே அது அழித்துவிடுகிறது.

உந்துபொறிகளைப் பொறுத்தவரை, ஓவியத்தைவிட அட்டவணையே நேர்மையாக இருக்கிறது. பின்னர் வெளிவந்த நூல்களிலும் பிளாஸ்டிக் மாதிரிகளின் குறிப்புகளிலும் கன்டமின் முழு எடை 60 டன், உந்துபொறிகளின் மொத்த உந்துவிசை 55,500 கிலோகிராம் எனத் தரப்பட்டுள்ளன. விசை எடையைவிடக் குறைவு. ஆகவே புவியில் முழுச் சுமையோடு அது செங்குத்தாக எழ முடியாது. தொடரிலும் அது தாவுகிறதேயன்றி விமானம்போல் பறப்பதில்லை. ஸீட்டா கன்டமுக்கு இவ்வெண்கள் முறையே 62.3 டன், 1,12,600 கிலோகிராம். அதாவது விசை எடையைப்போல் ஏறத்தாழ 1.8 மடங்கு. ஆனால் விண்வெளிப் போர்க் காட்சிகளில் ஓவியர்கள் இவ்வளவு கவனம் காட்டவில்லை. வெற்றிடத்தில் விரையும் பொருளை நிறுத்த எதிர்த்திசையில் மீண்டும் பொறியை எரிக்க வேண்டும். திரையிலோ முதுகுப் பொறி அணைந்தவுடன் இயந்திரம் நின்றுவிடுவதைப் பலமுறை காணலாம். 1981இல் வெளிவந்த 'கன்டம் செஞ்சுரி' என்னும் நூல் 'ஆம்பாக்' என்ற தலைப்பெழுத்துச் சொல்லை வழங்கியது. கைகால்களை வீசி, எரிபொருள் செலவின்றி உடலைத் திருப்பிக்கொள்ளும் முறைக்கு அது பெயர். தலைகீழாக விழும் பூனை காலூன்றத் திரும்புவதும், செயற்கைக்கோள்கள் உள்ளிருக்கும் சக்கரங்களைச் சுழற்றித் திசை மாறுவதும் இவ்விதியைச் சார்ந்தவை. விண்வெளிப் போர்க்கருவிக்குக் கைகால் எதற்கு என்ற பழைய ஏளனத்திற்கு ஒரே சொல் விடையாயிற்று. படம் வந்து ஈராண்டுக்குப் பின் வந்த சொல், படத்திற்கு முன்தேதியிட்டுக் காரணம் கற்பித்தது.

சொற்பொருள் மாற்ற ஆய்விற்கு இக்களத்தில் மிகவும் வளமானது 'வெர்னியர்' என்னும் சொல். 1631இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் பியேர் வெர்னியர் நுண்ணளவுகோல் ஒன்றை விளக்கினார். தமிழகப் பள்ளி மாணவர் இன்றும் அவர் பெயரைச் சொல்லியே உருளையின் விட்டத்தை அளக்கின்றனர். நுண்திருத்தம் என்ற பொருளில் அப்பெயர் ஏவூர்திப் பொறியியலுக்குள் நுழைந்தது. 1957இல் முதல் செயற்கைக்கோளைச் செலுத்திய சோவியத் ஏவூர்தியில் முதன்மைப் பொறிகளோடு இத்தகைய 12 சிறு திருத்தப் பொறிகளும் இருந்தன. ஜப்பானிய அனிமேயில் இச்சொல் 'பானியா' ஆகி, அடைமொழி நிலையிலிருந்து பெயராகி, நாளடைவில் முதுகில் உள்ள பெரும் பொறிகளையும் குறிக்கலாயிற்று. நுண்மையைக் குறித்த சொல் பெருவிசையைக் குறிப்பதாக விரிந்தது. அவ்வொலிபெயர்ப்பில் வகரம் பகர ஒலியாக மாறியதால் மற்றொரு விளைவும் நேர்ந்தது. 1991இல் வெளிவரத் தொடங்கிய 'ஸ்டார்டஸ்ட் மெமரி'யில் தரைக்கென அமைக்கப்பட்ட கன்டம் ஒன்று விண்வெளியில் தடுமாறித் தோற்று, உந்துபொறிகள் கூட்டப்பட்டுப் புதுவடிவம் பெறுகிறது. 'ஃபுல் பானியன்' என்னும் அதன் பெயர், ரோமன் எழுத்துக்குத் திரும்பியபோது 'ஃபுல் வெர்னியன்' என்றும், எரித்தலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைத் தழுவி 'ஃபுல் பர்னெர்ன்' என்றும் இருவகையாக எழுதப்படலாயிற்று. ஒரே பகரத்தில் பல ஒலிகளை அடக்கும் தமிழர்க்கு இத்தகைய பொதுமக்கள் சொற்பிறப்பியல் புதிதன்று.

'அபோஜி மோட்டார்' இன்னும் கடினமானது. செயற்கைக்கோள் தன் நீள்வட்டப் பாதையில் புவிக்கு மிகத் தொலைவான புள்ளியை அடையும்போது அதனை வட்டப்பாதைக்கு மாற்றும் பொறிக்கே உண்மையில் இப்பெயர் உரியது. 1981இல் ஏவப்பட்ட இந்தியாவின் ஆப்பிள் செயற்கைக்கோளில் இப்பணியைச் செய்தது எஸ்.எல்.வி.-3இன் நான்காம் கட்டத்திலிருந்து உருவாக்கப்பட்ட பொறி. ஸீட்டா கன்டமின் அட்டவணையிலோ எட்டு அபோஜி மோட்டார்கள் உள்ளன; அவை உடலைத் திருப்பும் சிறு பொறிகள். எட்டு மோட்டார்கள் கொண்டு எட்டும் தொலைப்புள்ளி எதுவும் கதையில் இல்லை.

இதனைச் 'சேய்மைநிலைப் பொறி' எனப் பெயர்த்தால் மூலத்தில் மறைந்திருந்த பிழை தமிழில் வெளிப்படையாகிவிடும்; ஏனெனில் தமிழ்ச் சொல் தன் பொருளைத் தானே சொல்லிவிடும். 'நிலைத்திருத்தப் பொறி' என்றால் பிழை நீங்கும். கையேட்டின் குரலும் உடன் நீங்கும். ஜப்பானியப் பார்வையாளர்க்கு இது கதகனா எழுத்தில் அமைந்த, பொருள் முழுதும் விளங்காத, ஆனால் பொறியாளர்க்கு விளங்கும் என்று நம்பத்தக்க சொல். அந்த அரைவிளக்கமே அதன் பயன். தூய தமிழாக்கம் பாடநூலுக்கு நன்று. இங்கு அட்டவணைப் பெயர்களை ஒலிபெயர்த்தே வைப்பது தக்கது. மாறாக, செலுத்துபவர் வாயில் வரும் வினைகள் தமிழாகவே இருக்க வேண்டும். 'த்ரஸ்டரை ஆக்டிவேட் செய்' என்பது கையேடும் அன்று, பேச்சும் அன்று. 'பின்பொறியை முடுக்கு' என்பதில் அவசரம் இருக்கிறது. 'உந்தம்' என்பது பாடநூல்களில் வேறொரு இயற்பியல் அளவுக்கு உரியதாகிவிட்டதால், உந்துவிசைக்கு அதனைச் சுருக்கமாக ஆள்வது தவிர்க்கத்தக்கது.

செலுத்துபவருக்கும் ஒரே சொல் எல்லா இடத்தும் பொருந்தாது. கன்டமில் பயிற்சியும் தகுதிநிலையும் உண்டு. அங்கு 'விமானி' என்பது, விமானமே இல்லாவிடினும், இடறாது. பட்லேபரின் இயந்திரங்களுக்கு வண்டி எண் உண்டு, செலுத்துவோர்க்கு உரிமம் உண்டு, பழுதுபார்க்கும் கொட்டகையில் ஓயாத சச்சரவும் உண்டு. அங்கு 'ஓட்டுநர்' என்றே எழுதலாம்.