தச்சர்கள் கட்டிய ராஜ்ஜியம்

உயரத்தையும் தங்க முலாமையும் தேடிப் போகிறவர்களுக்குப் பத்மநாபபுரம் அரண்மனை முதல் பார்வையில் சிறிதாகத்தான் தெரியும். ஓட்டுக் கூரை, தாழ்ந்த இறவாரம், குனிந்து நுழையும் வாசல். அந்த அடக்கம்தான் எனக்குப் பிடித்தது.

எங்கள் ஊரான ஆய்க்குடியிலிருந்து விடியுமுன் கிளம்பினால் திருநெல்வேலி, நாகர்கோவில் வழியாக அரண்மனைக்குப் பக்கத்துத் தக்கலை போய், நிதானமாகப் பார்த்துவிட்டு இரவுக்குள் திரும்பலாம். திங்கட்கிழமை மட்டும் வேண்டாம், அன்று விடுமுறை. எங்கள் பக்கத்துச் செங்கோட்டையும் அரண்மனை இருக்கும் கல்குளம் சீமையும் திருவிதாங்கூரில் ஒன்றாக இருந்து, 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு சேர்ந்தவை. அரண்மனையை மட்டும் இன்றும் கேரளத் தொல்லியல் துறைதான் பராமரிக்கிறது.

முகப்பு மண்டபமான பூமுகத்தில் அவசரப்படாதீர்கள். அண்ணாந்து பார்த்தால் மரக் கூரையில் 90 பூக்கள். ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை. அச்சு வைத்து வார்த்தது அல்ல, உளி பிடித்த கை ஒவ்வொரு பூவுக்கும் புதிதாக யோசித்திருக்கிறது.

மேலே மந்திரசாலை. அரண்மனையின் உச்சம் எனக்கு இதுதான். வெயிலும் மழையும் ஓங்கி அடிக்கிற சீமை அது. சுவர் எழுப்பினால் புழுங்கும், திறந்து விட்டால் சாரல் அடிக்கும். தச்சர்கள் சாய்ந்த மரச் சட்டங்களை வரிசையாக அடுக்கினார்கள். காற்று உள்ளே வருகிறது, மழை வழிந்து விடுகிறது, உள்ளே இருப்பவர் வெளியே பார்க்கலாம், வெளியே இருப்பவருக்கு உள்ளே தெரியாது. ஆலோசனை மண்டபத்துக்கு வேறென்ன வேண்டும்? சட்டங்களின் இடைவெளியில் நுழையும் வெளிச்சம் கறுத்து மினுங்கும் தரையில் கோடுகோடாக விழுகிறது. சிரட்டைக் கரியும் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் கலந்து தேய்த்த தரை என்பார்கள். வெறுங்காலை வைத்துப் பாருங்கள், குளிர்ச்சி தெரியும்.

1601 வாக்கில் தொடங்கிய அரண்மனையைப் பதினெட்டாம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மா விரித்துக் கட்டினார். 1795-இல் தலைநகர் இங்கிருந்து திருவனந்தபுரத்துக்குப் போனது. அதனால்தான் புது நாகரிகம் மேலே ஏறி உட்காராமல் இந்த மரவேலை பிழைத்தது என்று நினைக்கிறேன்.

டச்சுக்காரர்கள் கொடுத்ததாகச் சொல்லும் மூலிகை மரக் கட்டில் முன்னால்தான் எப்போதும் கூட்டம். நான் அந்த நேரத்தைத் தாய்க் கொட்டாரம் என்ற பகுதியில் ஒற்றைப் பலாமரத்தில் செதுக்கிய தூணுக்குக் கொடுப்பேன். கடைசியாக நவராத்திரி மண்டபம், முழுக்கக் கருங்கல். அங்கேயும் அரண்மனைப் பெண்கள் மறைவிலிருந்து கச்சேரி கேட்கத் துளையிட்ட மரத் தடுப்பு வைத்திருக்கிறார்கள். கல்தச்சர் முடித்த இடத்தில் மரத்தச்சர் கைவைத்த வேலை அது.