காந்தம் ஒட்டாத டேங்க்

மயிலாப்பூரில் 'டேங்க் மாற்றப் போகிறேன்' என்று சொன்னால், கபாலி கோயில் குளத்துக்கு என்ன ஆச்சு என்பார்கள். என் கவலை 1984 மாடல் புல்லட் 350. திருவொற்றியூரில் பிறந்த வண்டி. கொஞ்ச நாளாக மந்தைவெளி சிக்னலில் நின்றாலே பெட்ரோல் வாடை. பார்த்தால், டேங்கின் அடிமடிப்பில் ஊசிமுனை அளவு ஓட்டை.

கடற்காற்றின் மேல் பழி போட முடியாது, அரித்தது உள்ளிருந்து. பாதி டேங்க்கோடு மழைக்காலம் முழுக்க நிறுத்தி வைத்தால், காலியான மேல் பாதியில் ஈரம் வேர்க்கும். தண்ணீர் பெட்ரோலைவிடக் கனம், அடியில் போய்த் தங்கும். இப்போது பங்கில் கிடைப்பதோ 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் ஈரத்தை இழுக்கும்.

"பத்த வெச்சுடலாமா?" என்று மெக்கானிக்கிடம் கேட்டேன். "ஒண்ண அடைச்சா பக்கத்துல ரெண்டு தொறக்கும் சார். காலி டேங்க்ல நெருப்பு வெக்கறது வேற வெளையாட்டு இல்ல" என்றார். உள்ளே மிஞ்சுகிற ஆவிதான் வெடிக்கும்.

புதுப்பேட்டையில் பழைய ஒரிஜினல் ஒன்று கண்ணைப் பறித்தது. கறுப்பு மேல் தங்கக் கோடு. வீட்டு பிரிட்ஜிலிருந்து எடுத்துப்போன பிள்ளையார் காந்தத்தை முழங்கால் படும் இடத்தில் வைத்தேன். பிள்ளையார் வழுக்கி விழுந்தார். அங்கே தகட்டின் மேல் அவ்வளவு கனமாகப் பட்டி!

கடைசியில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் புது நகல் வாங்கினேன். பிரைமர் மட்டும் அடித்தது. இதில் நான் பிடிவாதம்: பளபளக்கும் பெயிண்டுக்கு அடியில் என்ன இருக்கிறதென்று யாருக்குத் தெரியும்? தட்டினால் பழையதில் 'தொம்', இதில் 'டங்'. தகடு மெலிசு. போல்ட் ஓட்டை ஒன்று நகக்கனம் விலகியிருந்தது, அரம் போட வேண்டியதாயிற்று. உள்ளே இரும்புத் துகள். பெட்ரோல் ஊற்றிக் குலுக்கி மூன்று முறை கழுவினோம். அந்தத் துகள் கார்புரேட்டர் ஜெட்டில் போய் உட்கார்ந்தால் வண்டி நடுரோட்டில் இருமும்.

பிறகு ஒரு லிட்டர் டீசல் ஊற்றி, பழைய பேப்பர் மேல் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி ஓர் இரவு வைத்தோம். டீசல் மெல்லிய கசிவையும் கறையாகக் காட்டிக்கொடுக்கும். வெல்டிங் தப்பியது, பெட்ரோல் டாப் மரையடியில் மட்டும் கறை. வாஷர் மாற்றியதும் நின்றது. அதற்கப்புறம்தான் பெயின்டர். அந்தத் தங்கக் கோட்டைக் கையால் இழுக்க அவர் வாங்கிய கூலியில் எனக்கு வருத்தமே இல்லை.

ஓட்டத்தில்? வாடை போயிற்று, மூடி இறுகுகிறது. 14.5 லிட்டர் பிடிக்க வேண்டிய இடத்தில் 13-க்கு மேல் ஏறவில்லை. ரிசர்வும் சீக்கிரமே வற்றுகிறது: அடையாறு திரு.வி.க. பாலத்தில் நின்றுபோய், டாப் இருக்கும் பக்கமாக வண்டியைச் சாய்த்து, மறுபக்கம் தேங்கியதை வரவழைத்துத்தான் பங்க் சேர்ந்தேன்.

அடி ஓட்டையாகிவிட்டவர்கள் வாங்கலாம். வெறும் துருவுக்காக ஒரிஜினலைக் கழற்றி வீசாதீர்கள். என்னுடையதை எடைக்குப் போடவில்லை. நன்றாகக் கழுவி ஆவி போக்கிவிட்டு, அரித்த அடியை மட்டும் வெட்டிப் புதுத் தகடு வைக்கலாம் என்கிறார் ஒரு டிங்கர். பரணில் இருக்கிறது.